நாலாவது மீன்

அக்காவின் கைப்பையில் எப்போதும் ஓர் இருமல் மருந்து மூடி இருக்கும். பாட்டிலின் தலையில் கவிழ்த்து வைத்திருப்பார்களே, அளவுக்கோடு போட்ட பிளாஸ்டிக் மூடி, அதுதான். குழந்தைகளுக்குக் கணக்குச் சொல்லித்தர எந்தப் பொருள் கைக்கு வந்தாலும் முதலில் அந்த மூடிக்குள் போட்டுப் பார்ப்பார். உள்ளே போய்விட்டால் அது குழந்தையின் தொண்டைக்குள்ளும் போகும், வகுப்புக்குள் வராது. புளியங்கொட்டை போனது. சட்டைப் பொத்தான் போனது. கடையில் விற்கும் பகடை போனது. கடைசியில் நான்தான் தடித்த தாளில் மடித்து ஒட்டும் பகடை ஒன்றை அச்செடுத்துக் கொடுத்தேன். கொய்யாக்காய் அளவு இருந்தது. அதையும் மூடியின் மேல் வைத்து அழுத்திப் பார்த்துவிட்டுத்தான் பைக்குள் போட்டார்.

பொறியியல் முடித்து, வேலைக்குச் சேரச் சொல்லும் கடிதத்துக்காகக் காத்திருந்த ஒன்பது மாதம், செஞ்சி பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு ஜெராக்ஸ் கடையில் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வகுப்புப் பிள்ளைகளைப் போல நானும் அக்கா என்றே கூப்பிட்ட அவர் அங்கே சனிக்கிழமை மத்தியானம் வருவார். கடைத்தெருவுக்குப் பின்னால் இரண்டு அறை எடுத்து, இன்னும் பள்ளிக்கூட வயது வராத பதினெட்டுப் பிள்ளைகளை வைத்திருந்தார். நாற்பது வயதிருக்கும். ஒல்லியான உடம்பு. வண்டியே இல்லாத ரோட்டையும் ஒரு கையை உயர்த்திக்கொண்டுதான் கடப்பார்.

நெட்டில் கணக்கு விளையாட்டெல்லாம் சும்மாவே கிடைக்கிறதாமே, எடுத்துத் தர முடியுமா என்று முதல் நாள் கேட்டார். பத்து நிமிட வேலை என்றேன். ஒரு மாதம் ஆனது. எனக்கு எதையும் பட்டியல் போட்டால்தான் புரியும். ஒரு நோட்டில் குறித்துக்கொண்டே வந்தேன். முதல் தாளைக் கொடுத்துவிட்டு இரண்டாவது தாளில் பணம் கேட்டுக் கதவைச் சாத்துபவை. மின்னஞ்சல் முகவரி கேட்பவை. ‘டவுன்லோட்’ என்று நான்கு பச்சைப் பொத்தான் வைத்து, அதில் மூன்றைப் பொய்யாக வைத்திருப்பவை. கடைசியாக, எங்கோ ஒரு டீச்சர் தன் வகுப்புக்காகச் செய்ததை எல்லோருக்கும் எடுத்துக்கொள்ளப் போட்டுவைத்தவை. இந்தக் கடைசி வகையில் ஒன்பது தேறின.

அக்கா என் நாற்காலிக்குப் பின்னால் நின்றே பார்ப்பார். ஒரு பக்கம் குழந்தையின் பெயரையும் பிறந்தநாளையும் கேட்டபோது, என் தோளுக்கு மேல் கையை நீட்டி மானிட்டரை மறைத்தார்.

“புள்ளை பேரு அவனுக்கு இன்னாத்துக்கு? ஃப்ரீன்னு குடுக்கறவன் எதுக்கு ஊரு பேரு கேக்கறான்?”

நான் சிரித்தேன். அக்கா சிரிக்கவில்லை. அந்தப் பக்கத்தை நான் மூடும் வரை கையை எடுக்கவுமில்லை.

போனில் ஆடும் விளையாட்டையும் சேர்த்துக்கொண்டோம். மரத்திலிருந்து விழும் பழங்களை எண்ணித் தொடவேண்டும், அழகான விளையாட்டு. மூன்றாம் நாள், ஐந்தாவது பழத்துக்கும் ஆறாவது பழத்துக்கும் நடுவில் ஒரு விளம்பரம் வந்தது. ஏதோ பேய் விளையாட்டுக்கான விளம்பரம். திரை முழுக்க வாயைத் திறந்த ஒரு முகம், கூடவே அலறல். போனைக் கையில் வைத்திருந்த பையன் நின்ற இடத்திலேயே சிறுநீர் கழித்துவிட்டான். அதற்குப் பிறகு ஒரு வாரம் அவன் ஐந்து வரைக்கும்தான் எண்ணினான். ஆறு என்று சொன்னால் முகம் வரும் என்று நினைத்தான். ஏரோப்ளேன் மோடில் போட்டுவிட்டால் விளம்பரம் வராது என்று அக்காவுக்குக் காட்டிக் கொடுத்தேன். கவனமாகக் கேட்டார், இரண்டு முறை தானே போட்டுப் பார்த்தார். பிறகு போனையே வகுப்பிலிருந்து எடுத்துவிட்டார். இனிமேல் தாள் போதும் என்றார்.

தாளுக்கும் சோதனை இருந்தது. நான் அச்செடுக்கும் முதல் பிரதியைக் கல்லாவுக்குப் பக்கத்தில் விரித்து, சிவப்புப் பேனாவால் மேலிருந்து கீழாகப் பார்ப்பார். எங்கே ஆபத்து என்று வாய்க்குள் கேட்டுக்கொண்டே பார்ப்பார். ஏழு மெழுகுவத்தி எரியும் கேக்கை அடித்தார். கிணற்றங்கரையில் மூன்று வாத்துகளை அடித்தார். எண்ணுவதற்கு வண்ண வண்ண மாத்திரைகள் போட்டிருந்த தாளை மடித்துக் குப்பையில் போட்டார். பனிமனிதனைப் பார்த்து மட்டும், “இது இன்னா, கண்ணு பட்டுடும்னு வயல்ல நிக்க வெச்சதா?” என்று கேட்டு விட்டுவிட்டார். அடித்த படங்களுக்குப் பதிலாக நுங்கு, மண்வெட்டி, தூக்குவாளி என்று நான் படம் போட்டுத் திருத்துவேன். ஒரு தாளுக்கு ஒரு மணி நேரம் போகும்.

கணக்கு அட்டைகளைக் கழுத்தில் மாட்டிவிடும் விளையாட்டும் அப்படி வந்ததுதான். ஒன்று முதல் பதினெட்டு வரை, ஆளுக்கு ஓர் அட்டை. தினமும் கலைத்து மாட்டிவிட்டு, வரிசையாக எண்ணைச் சொல்லச் சொல்வார். அட்டை யாரிடம் இருக்கிறதோ அவர்தான் சொல்லவேண்டும், அதுதான் விதி. நான் அட்டைக்கு நாடா வாங்கி வந்தேன். நாடா கழுத்தை இறுக்கும் என்று அக்கா அதைத் தள்ளிவிட்டு, இழுத்தால் உடனே அறுந்துபோகும் ஒற்றை உல்லன் நூலைக் கோத்தார்.

ஒருநாள் கேட்டேவிட்டேன். முன்பு எந்தக் குழந்தைக்காவது ஏதாவது ஆகிவிட்டதா, அதனால்தான் இப்படியா என்று. பதில் யோசிக்காமல் வந்தது.

“இதுவரைக்கும் ஒண்ணும் ஆவலம்மா. அதான் பயமா இருக்குது.”

அன்று அது எனக்குப் புரியவில்லை. பயம் என்பது நடந்த ஒன்றின் மிச்சம் என்று நினைத்திருந்தேன்.

எனக்கும் அக்காவுக்கும் ஒரே ஒரு சண்டை உண்டு. அவருடைய நைனா மார்க்கெட் கமிட்டியில் நெல் அளந்தவர். மரக்காலால் அளக்கும்போது முதல் மரக்காலை ஒன்று என்று சொல்லமாட்டார்கள். லாபம் என்பார்கள், பிறகு ரெண்டு, மூணு என்று போகும். அக்கா பிள்ளைகளை அப்படித்தான் எண்ணினார். ஒவ்வொரு தலையிலும் உள்ளங்கையைப் பதித்து, லாபம், ரெண்டு, மூணு. பிள்ளைகளும் அப்படியே பழகிவிட்டார்கள். சாயங்காலம் வீட்டுக்கு அனுப்பும்போது வாசலில் ஒரு விளையாட்டு உண்டு. அக்கா மேல்படியில் நின்று ‘லாபம்’ என்பார். கீழே இருக்கும் பிள்ளைகள் என்ன செய்துகொண்டிருந்தாலும் விட்டுவிட்டு, ரெண்டு, மூணு என்று சொல்லியபடி படிக்கு ஓர் எண்ணாக ஏறி வருவார்கள்.

கணக்குச் சொல்லிக்கொடுக்கச் சொன்னால் மூட்டை தூக்கச் சொல்லிக்கொடுக்கிறீர்களே என்று ஒரு குழந்தையின் அப்பா கேலி செய்தார். எனக்கும் அது உறுத்தியது. பெரிய பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போகிற இடத்தில் எண்ணச் சொன்னால் பிள்ளை லாபம் என்றா ஆரம்பிக்கும்? நான் விடாமல் சொன்னேன். வருகிற ஜூனிலிருந்து மாற்றிக்கொள்கிறேன் என்று அக்கா ஒத்துக்கொண்டார்.

செஞ்சிக் கோட்டைக்குப் போகும் யோசனையும் என்னுடையதுதான். வெளியே கூட்டிப்போய் எண்ணவைப்பது பற்றி எங்கோ படித்துவிட்டு, ஐந்து அம்சத் திட்டம் ஒன்றை டைப் அடித்துக் கொடுத்தேன். அக்கா இரண்டு வாரம் பதில் சொல்லவில்லை. அதற்குள் தனியாக இரண்டு முறை ராஜகிரி மலை அடிவாரத்துக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார். என் திட்டத்தின் பின்பக்கத்தில் சிவப்புப் பேனாவில் ஒரு படம் வரைந்து கொண்டுவந்தார். களஞ்சியத்துக்கு முன்னால் வேப்பமர நிழல், அங்கே உட்காரலாம். குரங்குகள் வரும் மதில். அதற்கப்பால், கல்யாண மகால் பக்கம் யானைக்குளம். குளத்தைச் சுற்றிப் பேனா தாளைக் கிழிக்கும் அளவுக்கு வட்டம் போட்டிருந்தார்.

போன அன்று காலை, கூட வருவதாகச் சொன்ன ஒரு தாய் வரவில்லை. அக்கா திரும்பிவிடலாம் என்றார். வேன் வந்துவிட்டது, பிள்ளைகள் ஏறிவிட்டார்கள் என்றேன். பதினெட்டு முடிச்சுப் போட்ட ஒரு கயிற்றைக் கொண்டுவந்திருந்தார். முடிச்சுக்கு ஒரு பிள்ளை பிடித்துக்கொண்டு, வேனிலிருந்து வேப்பமரம் வரை ஒரு பெரிய மரவட்டை மாதிரி நடந்தார்கள்.

நிழலில் உட்கார வைத்த பிறகு, குரங்கு ஒன்று சோற்றுப் பையை இழுத்தது. அக்கா குச்சியை எடுத்துக்கொண்டு அந்தப் பக்கம் போனார். நான் பையிலிருந்து ஒரு தாள்கட்டை எடுத்தேன். அக்காவுக்குக் காட்டாமல் வைத்திருந்தது. ஆச்சரியப்படுத்தலாம் என்று நினைத்திருந்தேன். ‘தேடு, எண்ணு’ என்று தலைப்பை மட்டும் தமிழில் மாற்றியிருந்தேன். படங்களை மாற்ற நேரமில்லை. ஒரு சூரியன், இரண்டு பறவை, மூன்று இலை, நான்கு மீன், ஐந்து கல். கண்டுபிடித்ததில் டிக் போடவேண்டும்.

மீன் எங்கே இருக்கும் என்று ஒரு சின்னப் பெண் கேட்டாள். மேல்சித்தாமூர்ப் பக்கத்துச் சமணக் குடும்பத்துப் பெண். மற்ற பிள்ளைகள் மீனைக் குழம்பில் பார்த்தவர்கள். மீன் வாங்காத வீட்டில் வளர்ந்த அவள் அதைத் தாளில் மட்டுமே பார்த்திருந்தாள்.

“தண்ணியிலதான்,” என்றேன். இன்னும் ஒரு வாக்கியம் சொன்னேன், இங்கே கிடைக்காது, அதை விட்டுவிடுங்கள் என்று. அதற்குள் பிள்ளைகள் இலை பொறுக்கக் கலைந்திருந்தார்கள்.

அக்கா திரும்பி வந்ததும் சுற்றிப் பார்த்தார். எண்ணலாம் என்றார். நான் எழுதும் பலகையில் பொருத்திய பட்டியலோடு தயாராக இருந்தேன். கழுத்து அட்டைப்படி எண்களைச் சொல்லச் சொன்னேன். லாபம் என்றது ஒரு குரல். ரெண்டு. மூணு. தடங்கலே இல்லை. பத்து, பதினொண்ணு, பன்னெண்டு. பதினெட்டு வரை வந்தது. பதினெட்டு டிக். அக்காவிடம் காட்டினேன்.

அக்கா பட்டியலைப் பார்க்கவில்லை. உள்ளங்கையைப் பதித்துக்கொண்டே வந்தார். கடைசித் தலையில் கை நின்றது.

“பதினேழு.”

“இல்லக்கா. எல்லா நம்பரும் வந்துது. ஓடியாடுறாங்க, ஒண்ணை விட்டிருப்பீங்க.”

மறுபடி எண்ணினார். நான் பக்கத்தில் நின்று, பொறுமையாக, பட்டியல் ஏன் தவறாது என்று விளக்கிக்கொண்டிருந்தேன். எவ்வளவு நேரம் விளக்கினேன் என்று இப்போதும் கணக்குப் போட்டுப் பார்க்கிறேன். இரண்டு நிமிடம் இருக்கும். அந்த இரண்டு நிமிடத்தை யாரும் எனக்குத் திருப்பித் தர முடியாது.

அக்கா பிள்ளைகளின் முன் குந்தினார். ஒவ்வொரு கழுத்தாகப் பார்த்தார். பன்னிரண்டாம் அட்டை மாட்டிய பையனின் கையிலிருந்து அறுந்த உல்லன் நூல் தொங்கியது. அதன் முனையில் பதினொன்று இருந்தது.

“இது யாரு குடுத்தது கண்ணு?”

மீன் எங்கே என்று கேட்ட சின்னப் பெண்ணின் பெயரை அவன் சொன்னான். நூல் அறுந்துவிட்டதாம், வைத்துக்கொள்ளச் சொன்னாளாம். அட்டை தன்னிடம் இருந்ததால் பதினொன்றையும் தானே சொன்னானாம். விதிப்படிதான் ஆடியிருந்தான். எங்கே போனாள் என்று அக்கா கேட்டதற்கு, மீன் பார்க்க என்றான்.

அக்கா என்னைப் பார்த்தார். என் கையிலிருந்த தாளைப் பார்த்தார். அதில் நான்கு மீன்கள் வாலை ஆட்டிச் சிரித்துக்கொண்டிருந்தன. பதினேழு பேரையும் கயிற்றைப் பிடிக்க வைத்து, தூரத்தில் நின்ற வேன் டிரைவரைக் கூப்பிட்டுக் கயிற்றின் நுனியை அவர் கையில் சுற்றினார். பிறகு ஓடினார். ரோட்டைக் கையைத் தூக்கிக்கொண்டு கடக்கும் மனுஷி அப்படி ஓடுவார் என்று நான் நினைத்ததில்லை. பின்னால் நானும் ஓடினேன். மனசுக்குள் ஏனோ படிகளைப் பற்றிய கேள்விகள் மட்டும் வரிசையாக வந்தன. எத்தனை படி, எத்தனை அடி ஆழம், பாசி இருக்குமா.

குளத்துக்கு இருபதடி இருக்கும்போது அக்கா சட்டென்று நின்று, பின்னால் கையை நீட்டி என்னையும் நிறுத்தினார்.

அவள் இருந்தாள். தண்ணீருக்குள் இறங்கிய படியில், கணுக்கால் நனைய, எங்களுக்கு முதுகைக் காட்டிக் குந்தியிருந்தாள். ஒரு கையில் தாள். மறு கையால் தண்ணீரைத் தொட்டுக்கொண்டிருந்தாள். அந்தப் படி பச்சையாக இருந்தது. நான் அவள் பெயரைக் கத்த வாயைத் திறந்தேன். அக்காவின் கை என் வாய்மேல் வந்து விழுந்தது. நகம் உதட்டில் பட்டது. கத்தினால் குழந்தை திடுக்கிட்டுத் திரும்பும். திரும்பினால் வழுக்கும். எங்கே ஆபத்து என்பதை அந்த நேரத்திலும் அவர் மேலிருந்து கீழாகப் படித்துக்கொண்டிருந்தார் என்று எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

மூச்சை அடக்கிக்கொண்டு, செருப்பைக் கழற்றிவிட்டு, மேல்படி வரை போய் நின்றார். முகம் சுண்ணாம்பாக இருந்தது. ஆனால் குரல் தினமும் சாயங்காலம் வாசலில் கேட்கும் அதே குரல்.

“லாபம்.”

குழந்தை தண்ணீரிலிருந்து கையை எடுத்தாள். எழுந்தாள். ஒரு கணம் உடம்பு ஒருபக்கம் சாய்ந்து நேரானது. திரும்பிப் பார்த்துவிட்டு, ஈரக்காலைத் தூக்கி அடுத்த படியில் வைத்தாள்.

“ரெண்டு.”

அக்கா இறங்கவில்லை. இடத்தை விட்டு அசையவே இல்லை. மூணு. நாலு. அஞ்சு. ஒவ்வோர் எண்ணுக்கும் ஒரு படி. அவசரப்படாமல், விதிப்படி, எண்ணைச் சொன்ன பிறகே காலை எடுத்து ஏறி வந்தாள். பதினோராவது படியில் அக்காவின் கைக்கு எட்டினாள்.

“மூணு மீன் பாத்துட்டேன்,” என்று தாளைக் காட்டினாள். “நாலாவது மீன் வரவே இல்லக்கா.”

அக்கா அவளை இடுப்பில் தூக்கிக்கொண்டார். நனைந்த பாதங்களை முந்தானையால் துடைத்தார்.

அன்று சாயங்காலம் அவள் வீட்டுக்கு இருவரும் போனோம். பொழுது சாய்வதற்குள் சாப்பிடும் குடும்பம். அம்மா தட்டில் சோறு போட்டிருந்தார். அக்கா நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னார். எந்தப் படி, எவ்வளவு தண்ணீர், எத்தனை நிமிடம் எல்லாவற்றையும். தாளைப் பற்றி மட்டும் சொல்லாமல் தாண்டினார். அதை நான் சொன்னேன். தண்ணீரில்தான் என்று சொன்னது நான் என்பதையும் சொன்னேன். அந்த அம்மா தட்டைத் தள்ளி வைத்துவிட்டுக் குழந்தையின் பாதங்களைத் தடவிக்கொண்டே இருந்தார். எங்களைத் திட்டவில்லை. உட்காரச் சொல்லவுமில்லை. நான்கு நாள் குழந்தை வகுப்புக்கு வரவில்லை. ஐந்தாம் நாள் அம்மாவே கொண்டுவந்து விட்டுவிட்டு, மத்தியானம் வரை எதிர்க்கடை வாசலில் நின்றிருந்தாராம்.

அடுத்த சனிக்கிழமை அக்கா கடைக்கு வந்தார். கழுத்து அட்டைகள் வேண்டாம் என்றார். நான் அச்செடுத்த தாளைக் கல்லாவுக்குப் பக்கத்தில் விரித்து, சிவப்புப் பேனாவின் மூடியைக் கழற்றினார். என்னிடமும் ஒரு பேனாவை நீட்டினார். இரண்டு பேரும் பார்த்தோம். ஜூன் வந்தபோது அவர் லாபத்தை மாற்றவில்லை. நானும் கேட்கவில்லை. அதற்குள் எனக்குக் கடிதம் வந்து, ஊரை விட்டுப் போய்விட்டேன்.

இப்போது என் வேலையே பிறர் செய்த மென்பொருளில் எங்கே கோளாறு வரும் என்று பார்ப்பதுதான். எல்லாக் கட்டத்திலும் பச்சை டிக் விழுந்திருக்கும் நாளில்தான் நான் முதலிலிருந்து மறுபடி ஒவ்வொன்றாகப் பார்ப்பேன். அப்போதெல்லாம் எனக்கு நினைவுக்கு வருவது அந்தக் குளம்கூட இல்லை. திரும்பி வரும்போது நின்றிருந்த வேன்.

பிள்ளைகளை ஏற்றிவிட்டு அக்கா கதவோரம் நின்று எண்ணினார். உள்ளங்கை ஈரமாக இருந்தது. லாபம், ரெண்டு, மூணு. ஒவ்வொரு தலையிலும் கை வழக்கத்தைவிட அழுத்தமாக விழுந்தது. பதினெட்டில் அந்தச் சின்னப் பெண்ணின் தலை. அங்கே நிற்கும் என்று பார்த்தேன். நிற்கவில்லை. கடைசி இருக்கையில் பட்டியலை மடியில் கவிழ்த்துவைத்து உட்கார்ந்திருந்த என் தலையில் வந்து விழுந்தது.

“பத்தொம்போது,” என்றார்.

பிறகு கதவைச் சாத்தி, தாழ்ப்பாளை மூன்று முறை இழுத்துப் பார்த்துவிட்டு, அதன்மேல் கையைக் குறுக்கே வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். வேன் நகர்ந்த பிறகுதான் கவனித்தேன், அவர் தன்னை எண்ணவில்லை.

இருபது என்று நான் வாய்க்குள் சொல்லிக்கொண்டேன்.